பிரானூர் எல்லையும் நாவின் சாட்சியமும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையில் பிரானூர் என்றொரு சிற்றூர் உண்டு. பேருந்து நடத்துநர் முதல் பார்சல் வாங்கப் போகும் சிறுவன் வரை அதைப் ‘பார்டர்’ என்றே சொல்வார்கள். குற்றாலத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதுதான் கேரள எல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். கேரள எல்லை அங்கே இல்லை. அது செங்கோட்டையையும் கடந்து, புளியரைக்கு அப்பால், மலையேறும் வழியில் இருக்கிறது. பிரானூரில் இருந்தது சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இடைப்பட்ட எல்லை. தென்காசி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. செங்கோட்டை மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை நம் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லை மேற்கே நகர்ந்தது. பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது.

அப்பெயரை இன்று ஊரறியச் செய்திருப்பது பரோட்டா. பார்டர் ரஹ்மத் கடை என்றால் தென்மாவட்டங்களில் அறியாதார் குறைவு. அளவில் சிறிய, மெத்தென்ற பரோட்டாவை வாழையிலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, நாட்டுக்கோழி வறுவலோ காடையோ துணைக்கு வைத்து உண்ணும் அந்த முறைக்கே ‘பார்டர் பரோட்டா’ என்று பெயர் நிலைத்துவிட்டது. எல்லை எதுவுமே இல்லாத நகரங்களிலும் ‘பார்டர்’ என்ற பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அவற்றில் எது உண்மையில் பிரானூரைச் சேர்ந்தது, எது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை.

நம்மை ஈர்ப்பது வேறொரு கேள்வி. இந்தப் புகழ் எப்படிப் பரவியது? நம் இளமையில் இக்கடைகளுக்காக எவரும் விளம்பரம் செய்து நாம் கண்டதில்லை. மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் பெருவழி இது. அரிசியும் காய்கறியும் வைக்கோலும் ஏற்றி ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளம் செல்லும் லாரிகள், மலையேறுவதற்கு முன் நின்று செல்ல வசதியான இடம். ஓட்டுநர் உண்டார்; அடுத்த ஓட்டுநரிடம் சொன்னார். அவர் சொன்னது பொய்யானால் அதே வாரத்தில் அதே சாலையில் அவனைச் சந்தித்தாக வேண்டும். கேட்டவன் சும்மா விடமாட்டான். தன் காசைக் கொடுத்து, தன் வாயால் உண்டு, பிறகு தன் முகத்தைக் காட்டிச் சொன்ன சொல் அது. அதன் பெறுமானம் அங்கேதான் இருந்தது.

மற்றொரு கூட்டம் சீசன்காரர்கள். ஆனியும் ஆடியும் சாரல் அடிக்கும் மாதங்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் ஒரு மணி நேரம் தலைகொடுத்து நின்று, நடுங்கிக்கொண்டே வந்து அமர்பவர்களுக்குச் சூடாக எது கொடுத்தாலும் அமுதமாகத்தான் இருக்கும். ஆகவே சீசன்காரர் தீர்ப்பை உள்ளூரார் பாதிதான் ஏற்பார்கள். ஐப்பசி மழையில் கூட்டமில்லாத ஒரு நாளில் கடை எப்படி இருக்கிறது என்பதுதான் அவர்கள் கணக்கு.

இப்போது அந்த ஓட்டுநரின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. ஐந்து நட்சத்திரமோ ஒற்றை நட்சத்திரமோ, உண்டவரும் போடலாம், உண்ணாதவரும் போடலாம். நம் மார்க்கத்தின் வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டா என்று தேடினால், வியக்கத்தக்க அளவு கிடைக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையெனில் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி நாம் அனைவரும் அறிந்தது. அதைக் காட்டி, சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று சிலர் கூறுவதுண்டு. அது அவசர முடிவு என்பது நம் கருத்து. மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் வாட்டிய உடும்பு பரிமாறப்பட்ட நிகழ்ச்சியைப் பாருங்கள். அது இன்னதென்று அறிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தார் வாழும் மண்ணில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்ற பொருளில் நபியவர்கள் விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவுமில்லை. தம் விருப்பின்மையை உணவின் குற்றமாக ஆக்கவுமில்லை. வீட்டில் காடியைத் தவிர வேறு தொடுகறி இல்லாத நாளில், அக்காடியையே நல்ல தொடுகறி என்று பாராட்டிய செய்தியும் ஜாபிர் (ரலி) வாயிலாக வந்திருக்கிறது.

ஆனால் கடைவீதியில் அவர்களின் குரல் வேறாக ஒலித்தது. தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். முஸ்லிம் தொகுப்பில் உள்ள செய்தி இது. சுவையில் பெருந்தன்மை, மோசடியில் வெளிப்படையான கண்டனம். அந்தக் கண்டனத்திலும் ஓர் ஒழுங்கைக் காண்கிறோம்: முதலில் கையை விட்டுப் பார்த்தார்கள், பிறகு வணிகரிடமே விளக்கம் கேட்டார்கள், அதன் பின்னரே தீர்ப்பைச் சொன்னார்கள். இன்றைய வழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். உப்புக் குறைந்த குழம்புக்கு ஊரைக் கூட்டுகிறோம். எடையில் ஏமாற்றும் கடையில் ‘நமக்கென்ன’ என்று எழுந்து வருகிறோம்.

பிற்கால முஸ்லிம் நகரங்களில் இந்தக் கண்காணிப்பு ஒரு பதவியாகவே வளர்ந்தது. சந்தையை மேற்பார்வையிடும் அதிகாரிக்கு முஹ்தஸிப் என்று பெயர். அவர்களுக்கென எழுதப்பட்ட கையேடுகளில், 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதியதும், 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இப்னுல் உகுவ்வா விட்டுச்சென்றதும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் சமையற்காரர், கறிக்கடைக்காரர், ஹரீஸா விற்போர் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனி அத்தியாயம் உண்டு. பாத்திரங்களை ஈ மொய்க்காமல் மூடிவைக்க வேண்டும். வெள்ளாட்டுக்கறியையும் செம்மறிக்கறியையும் கலக்கக்கூடாது. வாங்குவோர் வேறுபாடு அறிய வெள்ளாட்டுக்கறியில் குங்குமப்பூவால் புள்ளி வைக்க வேண்டும். ஹரீஸாப் பானையில் கறி போட்டபின் இரவில் அதிகாரி முத்திரையிடுவார். விடியற்காலையில் அவர் முன்னிலையில்தான் முத்திரையை உடைத்துக் கடைய வேண்டும். ஏனென்றால் இரவோடு இரவாகக் கறியை எடுத்துவிட்டு மறுநாள் அதையே மீண்டும் போடும் தந்திரம் அன்றே இருந்தது! அந்நூல்களை வாசிக்கும்போது, உணவுக்கடைத் தில்லுமுல்லுகளில் எதுவும் புதிதன்று என்று தோன்றுகிறது.

எதைச் சொல்லலாம் என்பதையும் அறிஞர்கள் ஆய்ந்திருக்கிறார்கள். 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், ஒருவரைப் பற்றிய குறையை அவர் இல்லாதபோது பேச அனுமதியுள்ள ஆறு சூழல்களை வகுத்துள்ளார்கள். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. மனம் ஆறுவதற்காகத் திட்டுவது அந்த ஆறில் இல்லை.

ஐரோப்பாவில் உணவு விமர்சனத்தின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது, 1803இல் பாரிஸில் கிரிமோ தெ லா ரெய்னியேர் தொடங்கிய ஆண்டு மலரை. கடைக்காரர்கள் இலவசமாக அனுப்பிவைத்த பண்டங்களை ஒரு குழு சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும். பாரபட்சம் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. 1812இல் மலர் நின்றுபோனது. ஓசிச் சாப்பாட்டுக்கும் நல்ல விமர்சனத்துக்கும் உள்ள உறவு யூடியூப் காலத்தில் பிறந்ததன்று.

இதுவரை சொன்னவை நாக்கையும் காசையும் பற்றியவை. உயிரைப் பற்றிய ஒன்றும் உண்டு. இலங்கையின் அம்பாறை நகரில், 2018 பிப்ரவரி 26 இரவு, முஸ்லிம்கள் நடத்திய ஓர் உணவகத்தில் வாடிக்கையாளர் ஒருவர் தம் கறியில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டார். சற்றே கடிந்துகொண்டு எழுந்துபோக வேண்டிய விஷயம். ஆனால் சிங்களவரை மலடாக்க முஸ்லிம்கள் உணவில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி அதற்கு முன்பே இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. கல்லாவில் இருந்தவரின் தாய்மொழி தமிழ், சிங்களம் அரைகுறை. ‘கலந்தாயா?’ என்று சுற்றி நின்று கத்தியபோது, கேள்வி முழுதாக விளங்காமலும் அச்சத்தாலும் அவர் வாயிலிருந்து வந்த ஆமோதிப்பு போன்ற ஒரு சொல் படம்பிடிக்கப்பட்டது, நாடெங்கும் பரப்பப்பட்டது. உணவகம் நொறுக்கப்பட்டது. நகரின் பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசு ஆய்வகம் பின்னர் சோதித்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரிந்தது. உணவில் கலந்து மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவ உலகில் எதுவுமே இல்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் கலவரம் மூண்டது. அதற்கு உடனடிக் காரணம் வேறு. ஒரு சாலைத் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள ஓட்டுநர் ஒருவரின் மரணம். ஆயினும் அம்பாறையின் காணொளி ஊட்டிய வெறுப்பு அங்கும் கலந்திருந்தது. மார்ச் 6 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அதே 2020இல், கோயம்புத்தூரில் முஸ்லிம் கடைப் பிரியாணியில் மாத்திரை கலக்கப்படுவதாக ட்விட்டரில் ஒரு கதை கிளம்பியது. அது பொய் என்று மாநகரக் காவல்துறை அறிவிக்க வேண்டியதாயிற்று. கடல் கடந்தும் கதை அப்படியே வந்திருந்தது.

அதனால்தான் உணவகத்தைப் பற்றிய கருத்தைச் சாட்சியம் என்ற தலைப்பின் கீழ் வைக்க விரும்புகிறோம். பெரும்பாவங்களைப் பற்றிச் சொல்லிவருகையில், சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணுமளவுக்குச் சொன்னார்கள் என்று அபூபக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள். அம்பாறையில் அநீதி இழைக்கப்பட்டவர்கள் நம்மவர்கள் என்பதால் அச்செய்தி நமக்கு வலிக்கிறது. நம் தெருவில் புதிதாகக் கடை வைத்த வேற்றுச் சமயத்தவரைப் பற்றியோ, போட்டிக்கடைக்காரரான நம் சகோதரரைப் பற்றியோ வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரியைச் சரிபாராமல் அடுத்தவருக்கு அனுப்பும்போதும் அதே வலி எழ வேண்டுமல்லவா? எழுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ‘ஹலால் இல்லையாம்’ என்ற ஒற்றைச் சொல்லால் வியாபாரம் படுத்த கடைகளை நாம் அறிவோம். சொன்னவர்களில் எத்தனை பேர் கறி வாங்கும் இடத்தை விசாரித்தார்கள்?

சட்டமும் மெல்ல இப்பக்கம் திரும்பியிருக்கிறது. இணைய விமர்சனங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 2022 நவம்பரில் வந்தது. எழுதுபவர் உண்மையான வாடிக்கையாளர்தானா என்று தளங்கள் சரிபார்க்க அது வழிசொல்கிறது, கட்டாயமாக்கவில்லை. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டியது.

கடந்த சாரல் காலத்தில் குடும்பத்தோடு குற்றாலம் சென்று திரும்புகையில், வழியில் ஒரு கடையில் உண்டோம். சால்னா புளித்திருந்தது. பாதியில் எழுந்து, காரில் அமர்ந்ததுமே கைப்பேசியை எடுத்து ஒற்றை நட்சத்திரத்தை அழுத்தியாயிற்று. வசைகளும் தயாராக இருந்தன. பின்னிருக்கையிலிருந்து மாமா கேட்டார்: “கல்லாவுல இருந்தவர்ட்ட சொன்னீகளா மாப்ள?”

சொல்லவில்லை. இறங்கிப் போய்ச் சொன்னோம். கடைக்காரர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். “மத்தியானம் கரண்ட் போயிட்டு பாய். அரைச்சு வச்ச தேங்கா புளிச்சிருக்கு” என்றவர், பையனை அழைத்து அண்டாவை உள்ளே தூக்கச் சொன்னார். அங்கே அமர்ந்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை; எங்களை முறைத்தார்கள். காசைத் திருப்பித் தர வந்தார், பரோட்டாவுக்கானதை வாங்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டோம்.

பத்து நாள் கழித்துத் தென்காசிக்கு ஒரு நிக்காஹுக்குப் போனபோது வேண்டுமென்றே அக்கடைக்கு மீண்டும் சென்று உண்டோம். பிறகுதான் எழுதினோம்: இரண்டு முறை வந்த நாள், உண்டவை, முதல்முறை நேர்ந்தது, சொன்னதும் அவர் செய்தது. இரண்டாம் முறை சால்னா நன்றாக இருந்தது. பரோட்டா கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, அதையும் எழுதினோம்.