காரியும் மயிலையும்: சந்தை கேட்ட நிறம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பலரும் பார்த்திருப்பீங்க. விரல் பேசுவதற்கு முன்னாடியே கண் ஒரு கணக்குப் போட்டுவிடும். இன்னிக்கு அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போறேன்.

கொங்கு நாட்டில் காங்கேயம் மாட்டை நிறம் சொல்லித்தான் அடையாளம் காட்டுவாங்க: மயிலை, காரி, செவலை, பிள்ளை. இதெல்லாம் வேற வேற சாதி மாடுன்னு புதுசாப் பார்க்கிறவங்க நினைக்கலாம். ஆனா ஒரே மாடே நிறம் மாறும். கன்று பெரும்பாலும் செவலையாகப் பிறக்கும். ஆறு மாதவாக்கில் சாம்பலாகும். பூச்சிக்காளையாக, அதாவது பொலிகாளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் தொடையும் கருக்கும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கருமை வெளுத்துப்போகும். ஆக, நிறம் என்பது வெறும் அழகு இல்லை. வயசையும் வேலையையும் அதில் படிக்கலாம்.

அந்தக் காலச் சந்தைக்கு வேண்டியிருந்தது வெளுத்த எருது. ஏர் ஓட்டணும், வண்டி இழுக்கணும், ஆழக் கிணற்றில் கவலை இறைக்கணும். நிறம், உயரம், கொம்பு மூன்றும் பொருந்திய ஜோடி என்றால் மதிப்பே தனி. பாளையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்தெடுத்த காளைகளை வைத்து இந்த இனத்தைச் செம்மைப்படுத்தியதும் அந்தத் தேவை இருந்த காலத்தில்தான்.

1932-இல் பைக்காரா மின் நிலையம் வந்தது. மெல்ல மெல்லக் கவலை இருந்த இடத்துக்குப் பம்புசெட் வந்தது. பிறகு ஏருக்குப் பதில் டிராக்டர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் மாட்டுப்பெட்டியில் கலப்பினப் பசுக்களை உருவாக்கியது. வாங்குகிறவர் கண் திமிலிலிருந்து மடிக்கு இறங்கியது. கருப்பு வெள்ளைத் திட்டு ஹோல்ஸ்டீன் கலப்புக்கும், பழுப்பு ஜெர்சி கலப்புக்கும் அடையாளமானது. இறைச்சிக்கு வாங்குகிறவருக்கு நிறமே தேவையில்லை, எடைதான் கணக்கு.

2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் காளைக்குப் புது மவுசு. எல்லோரும் படம் பிடிப்பது கருத்த காளையை. எனக்கு உறுத்துவது இதுதான்: தலைமுறை தலைமுறையாக இந்த இனத்துக்குச் சோறு போட்டது அந்த வெளுத்த எருதின் உழைப்பு. ஊருக்குப் பொலிகாளை ஒன்றிரண்டு போதும். மற்ற காளைக்கன்றுகளை வாங்க யார் இருக்கா? பசு வளர்க்கிற விவசாயிக்கு அந்தக் கேள்விக்குத்தான் பதில் வேணும்.