சைக்கிளும் வினாத்தாளும்

குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்த சிவன் கோயிலுக்கு முன்னால் தேர் வடிவத்தில் ஒரு மண்டபம் உண்டு. கல் சக்கரம், இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி கல் குதிரைகள். அந்த நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் பரீட்சைக்கு உருப்போட்டோம். அதில் ஒரு வரி இப்போது ஞாபகமில்லை. என் பெரியம்மா 1991-ல் படித்ததோ கடைசி வரைக்கும் அவருக்கு மறக்கவில்லை.

அந்த வருஷம்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். முதல் பாடம் 'பட்டா', 'படி' என்று ஆரம்பிக்கும். நிலமில்லாதவருக்கும் பட்டா என்றால் என்னவென்று தெரியும்; எழுத்து மட்டும்தான் புதுசு. பாடத்தோடு சைக்கிளும் வந்தது. முத்துபாஸ்கரன் எழுதிய பாட்டு ஊர் ஊராய் ஒலிக்க, பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பெரியம்மா விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதும் அப்போதுதான்.

சைக்கிளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பரீட்சையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தேசிய எழுத்தறிவு இயக்க முறைப்படி மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று என ஒன்பது தேர்வுகள், புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்தவை. பாடம் பிடிபட்ட பிறகு எழுதலாம். வரவில்லையா, மறுபடி படித்துவிட்டு எழுதலாம். ஃபெயில் என்ற சொல்லே கிடையாது.

அதே தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு நியாயம். 1978-ல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய்ப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்தன. பொதுத்தேர்வு ஒன்றுக்கு இரண்டானது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நாலு பாடத்திட்டங்களையும் ஒன்றாக்க 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதை நிறுத்தப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2011 ஆகஸ்ட் 9-ல் தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் பொதுவானது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் வினாத்தாளின் குணம் மாறவில்லை.

2012-ல் முப்பருவ முறை வந்தது, பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தைச் சுமக்க வேண்டாம். அறிவொளிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்த முயற்சி இதுதான் என்பேன். ஒன்பதாம் வகுப்பு வரை போனது, பத்தாம் வகுப்பு வாசலில் நின்றுவிட்டது. ஏனென்றால் அங்கே பொதுத்தேர்வு.

பிறகு பதினொன்றாம் வகுப்பு. அந்தப் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளிகளைத் தடுக்க 2017-18-ல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். மறு வருஷமே உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. சுமை குறைந்தது சரி. தாவுகிறவர்களை இனி எது தடுக்கும்? பாடம் நடக்கிறதா என்று பார்க்கப் பரீட்சையைத் தவிர நமக்கு வேறு வழியே தோன்றவில்லை.

பெரியம்மா ஒன்பதாவது தேர்வை இரண்டு முறை எழுதினார். முதல் தடவை கணக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து, தெருவிளக்குக் கம்பத்தடியில், அதே பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். கீரனூருக்கு சைக்கிளில் போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.