வீடு நமது, வழக்கறிஞர் யாருடையவர்?

வீடு வாங்கப் போகிறவரிடம் "உங்கள் வழக்கறிஞர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மேம்பாட்டாளரே பார்த்துக்கொள்கிறார், சட்டக் கட்டணம்கூட இலவசம்" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். என் தந்தையும் அப்படித்தான் சொன்னார்.

அவர் லயத்து வீட்டில் பிறந்து, பால்மரம் சீவிப் பிழைத்தவர். தோட்டம் கைமாறிய பிறகு, பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஓர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டார். அந்த அலுவலகத்துக்காரரைக் கடைசிவரை "நம்ம லாயர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தனிப்பட்டா வராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது, நான் அங்கே போய் விசாரித்தேன். "நாங்கள் மேம்பாட்டாளருக்காகச் செயல்படுகிறோம், உங்கள் அப்பாவுக்காக அல்ல" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள்தாம் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டில் நமக்காகப் பேச ஓர் ஆள் ஏன் வேண்டும்? இந்தக் கேள்விக்கு இந்நாட்டு நிலச் சட்டத்தின் வரலாறே பதில் சொல்கிறது.

பத்திரச் சங்கிலி

ஒரு காலத்தில் நிலத்தை வாங்குவது என்றால் பழைய பத்திரங்களை வாங்குவது என்று பொருள். இன்னார் இன்னாருக்கு விற்றார், அவர் மகனுக்கு எழுதினார், மகன் அடமானம் வைத்து மீட்டார் என்று பத்திரங்கள் சங்கிலியாக நீளும். சங்கிலியில் ஒரு கண்ணி பொய்யானால் அதற்குப் பின்னால் வந்த உரிமையும் ஆட்டம் காணும். வாங்குபவரின் வழக்கறிஞர் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்க்க வேண்டும். இது ஆங்கிலேயர் கொண்டுவந்த முறை. பினாங்கிலும் மலாக்காவிலும் 1965ஆம் ஆண்டு முடியும் வரை இந்த முறை நிலைத்திருந்தது.

இதை மாற்றியவர் ராபர்ட் ரிச்சர்ட் டோரன்ஸ். தென் ஆஸ்திரேலியாவில் சுங்கத் துறை அதிகாரியாக இருந்த இவர் வழக்கறிஞர் அல்லர். கப்பல்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். நிலத்துக்கும் ஏன் அப்படி ஒரு பதிவேடு இருக்கக் கூடாது என்று அவர் கேட்டார். 1858ஆம் ஆண்டில் அங்கே சட்டம் நிறைவேறியது. வழக்கறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காரணம், வழக்கறிஞர் இல்லாமலேயே சாதாரண மனிதர் நிலம் வாங்கி விற்கலாம் என்பதுதான் டோரன்ஸின் கனவு.

இந்த முறை மலாய் மாநிலங்களுக்கு வர முக்கியக் காரணமாக இருந்தவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேய அதிகாரி. சிலாங்கூரில் 1891இல் பட்டாப் பதிவுச் சட்டம் வந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1966 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டம், பினாங்கு, மலாக்கா உட்பட தீபகற்பம் முழுவதையும் டோரன்ஸ் முறையின்கீழ் கொண்டுவந்தது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

செட்டியார் பெட்டியில் இருந்த பட்டா

இந்தப் பதிவேட்டின் வலிமையை நம் இனத்தில் முதலில் உணர்ந்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். மலாய் விவசாயிகளுக்கும் சீன முதலாளிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் அவர்கள் கடன் கொடுத்தார்கள். ஈடாக நிலப்பட்டாவை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். ஆனால் டோரன்ஸ் முறையில் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் மட்டும் போதாது. "இந்த நிலத்தின்மீது எனக்குப் பாத்தியம் உண்டு" என்று நில அலுவலகப் பதிவேட்டில் கேவியட் எனும் தடைக்குறிப்பு ஏற வேண்டும். பட்டாவை ஈடாகப் பெற்றவர் கேவியட் பதியும் இந்த ஏற்பாடு இன்றைய தேசிய நிலச் சட்டத்திலும் தொடர்கிறது.

அதே கடன்தான் வேறொரு திருப்பத்துக்கும் வழி செய்தது. கடனுக்காக மலாய்க்காரர் நிலங்கள் பிறர் கைக்குப் போகின்றன என்ற கவலையும் சேர்ந்து, 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்திற்குப் பின் 1933இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இன்றும் ஒரு பட்டாவில் "மலாய் ஒதுக்கீடு" என்ற குறிப்பு இருந்தால் மலாய்க்காரர் அல்லாதவர் அந்த நிலத்தை வாங்க முடியாது. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நம்மிடையே உண்டு.

பெயரே இல்லாதவர்கள்

செட்டியார் பெட்டியில் பட்டா இருந்தது. பால்மரம் சீவிய தொழிலாளியிடம் என்ன இருந்தது? மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு, வளர்த்த மாடு, கட்டிய கோயில் எதுவும் பதிவேட்டில் அவர் பெயரில் இல்லை. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தார்கள். அந்தத் தோட்டத் துண்டாடல் நம் மக்களை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் ஒரே நாளில் வெளியேற்றியது. அதற்கு விடையாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆகலாம் என்ற எண்ணம் அது. பின்னர் 1969இல் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்பது கட்டுப்படுத்தப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று வீடு வாங்கும் நம் குடும்பங்களில் பல, பட்டாவில் பெயர் ஏறும் முதல் தலைமுறை. வீடு வாங்குவதில் உள்ள நெளிவு சுளிவுகளைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஒரு பெரியவர் இல்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டியவர் வழக்கறிஞர்.

வாங்குபவருக்கு ஒரு கவசம்

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு வீடு கட்டித் தந்தவர்கள் மேம்பாட்டாளர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டைப் பாதியில் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்காகவே 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டாளர் சட்டம் பிறந்தது. ஒரு மேம்பாட்டாளர், வீடு தாமதமானாலும் தமக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்ட வழக்கு 1982இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. எளிய நிலையில் உள்ள வீடு வாங்குவோரைப் பாதுகாக்கவே இந்தச் சட்டம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கும் விதிகள் செல்லாது என்று தலைமை நீதிபதி துன் முகமது சுபியான் தீர்ப்பளித்தார். அதன்பின் ஒப்பந்தத்தின் வாசகத்தையே சட்டம் எழுதிக் கொடுத்தது. தரைவீட்டுக்கு அட்டவணை ஜி, அடுக்குமாடிக்கு அட்டவணை எச் என்ற படிவங்கள் 1989 விதிமுறைகளில் வந்தவை.

இன்னொரு கவசமும் உண்டு. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி, வீடமைப்புத் திட்டத்தில் மேம்பாட்டாளருக்காகச் செயல்படும் வழக்கறிஞர், அதே விற்பனையில் வாங்குபவருக்காகச் செயல்படக் கூடாது. என் தந்தை "நம்ம லாயர்" என்று நம்பியவர், சட்டப்படியே அவருடைய வழக்கறிஞராக இருந்திருக்க முடியாது! "சட்டக் கட்டணம் இலவசம்" என்ற விளம்பரத்தின் உட்பொருள் பல நேரங்களில் இதுதான்: அந்த மேசையில் நமக்கு வழக்கறிஞரே இல்லை.

அடோர்னா தந்த அதிர்ச்சி

டோரன்ஸின் கனவுக்கு வந்த பெரிய சோதனை, பினாங்கு தஞ்சோங் பூங்காவில் இரண்டு மனைகளைப் பற்றியது. உரிமையாளர் தாய்லாந்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி. வேறொருத்தி அவர் பெயரில் வந்து, பட்டா தொலைந்துவிட்டது என்று சத்தியப் பிரமாணம் செய்து, புதிய நகலைப் பெற்று, அடோர்னா என்ற நிறுவனத்துக்கு நிலத்தை விற்றுவிட்டாள். வாங்கிய நிறுவனத்துக்குச் சூது தெரியாது. 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்துடன் வாங்கிப் பதிவு செய்தவருக்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. ஒரு கையெழுத்தும் போடாத உண்மையான உரிமையாளர் நிலத்தை இழந்தார். நாடெங்கும் நில உரிமையாளர்கள் தூக்கம் இழந்த காலம் அது.

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து, 2010 ஜனவரி 21ஆம் தேதி, குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. போலி ஆவணத்தின் மூலம் நேரடியாக வாங்கியவரின் பதிவு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ரத்தாகக் கூடியது. அவரிடமிருந்து பின்னர் நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவருக்கே பாதுகாப்பு.

உரிமையாளர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் நேயர்களே, இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். முன்பு போலி விற்பனையின் சுமை உரிமையாளர் தலையில் விழுந்தது. 2010க்குப் பிறகு அது வாங்குபவர் தலையில் விழுகிறது. முழுப் பணம் கொடுத்து, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகும், விற்றவர் போலி என்றால் வீடு போய்விடலாம். விற்பவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் கண்தான் வழக்கறிஞர். வழக்கறிஞர் வேண்டாம் என்று டோரன்ஸ் தொடங்கிய முறையில், வழக்கறிஞர் இல்லாமல் முடியாது என்ற இடத்துக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், நமக்கென்று ஒருவரை நாமே தேடிக்கொள்ள வேண்டும். தரகர் சொன்னார் என்பது போதாது. அவர் இந்த ஆண்டு தொழில் நடத்தத் தகுதியுள்ளவர்தானா என்று வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்க்கலாம். "நீங்கள் யாருக்காகச் செயல்படுகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். வங்கிக் கடன் பத்திரத்தைத் தயாரிப்பவர், கட்டணத்தை நாம் கொடுத்தாலும், வங்கியின் வழக்கறிஞர் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டணத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அதற்கு அரசாங்க அளவுகோல் உண்டு. 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த ஆணைப்படி, முதல் 5 லட்சம் வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. அதாவது 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 5,000 வெள்ளி. முத்திரை வரியும் மற்றச் செலவுகளும் தனி.

அடுத்து, அவரிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் நில அலுவலகத்தில் பட்டா தேடல் நடந்ததா? கேவியட் இருக்கிறதா? நிலம் வங்கியில் அடகில் இருக்கிறதா? குத்தகை நிலம் என்றால் இன்னும் எத்தனை ஆண்டு, மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா? விற்பவர் திவாலானவரா? அடுக்குமாடி என்றால் தனிப்பட்டா வந்துவிட்டதா? பணம் கொடுக்கும் முன் மறுபடி தேடல் நடக்குமா? இந்தக் கேள்விகளை எழுதிக் கொண்டுபோங்கள். புரியாத பக்கத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பணத்தைக் குமாஸ்தாவின் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் செலுத்தி, ரசீது பெறுங்கள். சிங்கப்பூரில் 2006இல் ஒரு வழக்கறிஞர், வீடு வாங்குவோர் நம்பிக் கொடுத்தது உட்பட ஒரு கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட பணத்தோடு தலைமறைவானார். அதன் பிறகே அங்கு 2011 ஆகஸ்டு முதல், வீட்டுப் பணத்தை வழக்கறிஞர்கள் வழக்கமான கணக்கில் வைத்திருக்கத் தடை வந்தது. நல்லவரைத் தேடுவது ஒரு பாதி. ரசீதைக் கேட்பது மறுபாதி.

என் தந்தையின் வீட்டுக்குப் பட்டா கடைசியில் வந்தது. அப்போது அவர் இல்லை. அம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தில் தம் பெயரைத் தேடிப் படித்தார். எங்கள் குடும்பத்தில் நிலப் பதிவேட்டில் ஏறிய முதல் பெயர் அது. அப்பா இருக்கும்போதே அது வந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "ஐயா, நீங்கள் யாருடைய வழக்கறிஞர்?"