மேட்டூர்த் தண்ணீரின் கடைக்கோடியில்

நம் பக்கத்திலிருந்து சிதம்பரம் போகிறவர்கள் நடராஜரைத் தரிசித்துவிட்டு, பொழுது மிச்சமிருந்தால் பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டுத் திரும்புவார்கள். நாங்களும் சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு அப்படித்தான் போனோம். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படகு திரும்பிய ஓர் இடத்தில், நாலைந்து பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருந்தன. ஒவ்வொருவரும் பனையோலைப் பறி ஒன்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள்.

"தாத்தா, அவங்க என்ன தேடறாங்க?" என்று பேரன் கேட்டான்.

"இறால் தடவுறாங்க தம்பி. இருளருங்க" என்றார் படகுக்காரர். அதற்குள் படகு அடுத்த வாய்க்காலுக்குள் போய்விட்டது.

எனக்குச் சட்டென்று புதுச்சேரிப் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அலையாத்தி மரத்தைத் தமிழில் தெரிந்துகொள்வதற்கு முன்பே 'பலேத்துவியே' என்று பிரெஞ்சில் மனப்பாடம் செய்தவன். 1961 நவம்பரில் அமெரிக்கக் கோடீசுவரர் ராக்பெல்லர் வீட்டுப் பிள்ளை மைக்கேல், நியூ கினித் தீவின் சதுப்புக் கரையில் காணாமல் போனார். அஸ்மத் என்ற மக்கள் வாழும் பகுதி அது. சேற்றில் கால் நட்ட வீடுகளில் குடியிருந்து, சவ்வரிசிப் பனையின் மாவைத் தின்று, மரத்தில் அபாரமான சிற்பங்கள் செதுக்கும் மக்கள். எங்கள் ஆசிரியர் தேசப்படத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். 'உலகத்தின் கோடியில் எப்படியெல்லாம் மனிதர்கள் வாழ்கிறார்கள்!' என்று வாய் பிளந்து கேட்டேன். பள்ளியிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில், அதே போன்ற சேற்றில் நம் மக்கள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிச்சாவரம் சேலம், நாமக்கல்காரர்களுக்கு அந்நிய ஊர் அல்ல. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களுக்கு இடையே உள்ள சுமார் 1,100 ஹெக்டேர் காடு அது. ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதியும், தம்மம்பட்டி வழியே ஓடும் சுவேத நதியும் கூடித்தான் வெள்ளாறு ஆகிறது. மேட்டூரில் திறந்து, பள்ளிபாளையம், மோகனூர் தாண்டிப் போகும் காவிரியில் மிஞ்சியது முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகிறது. நாம் குளித்த தண்ணீரின் கடைசி ஊர் பிச்சாவரம்.

இன்னொரு பழைய உறவும் உண்டு. சேலத்தில் கும்பினி அதிகாரியாக இருந்த ஹீத் துரை, 1830 வாக்கில் வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். தாது நம் சேலத்துத் தாது. உருக்குவதற்கு மரக்கரி. அந்த வட்டாரத்துக் காடுகள் அந்த உலைக்கு எவ்வளவு தீனி போட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அலையாத்திக் காட்டுக்கும் கோடரி வந்தது. ஆங்கிலேயர் காலத்து வனத்துறை, காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியையும் மொட்டையாக வெட்டி விற்றது. 1970-கள் வரை இந்த முறை நீடித்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து சேறு காய்ந்து, தரை தாழ்ந்து குழிவாயிற்று. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்பி வடியாமல் அங்கேயே தேங்கி, உப்பளம் போல ஆனது. மறுபடி மரம் முளைக்கவில்லை.

அதோடு நன்னீரும் குறைந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. 93.47 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்கும் அணை. நமக்கும் தஞ்சைக்கும் அது வாழ்வு தந்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதற்கு மேலேயும் கீழேயும் அணைகளும் பாசனமும் பெருகப் பெருக, முகத்துவாரத்துக்குப் போய்ச் சேரும் நீர் சுருங்கியது. நன்னீர் கலப்பு வேண்டிய சில மர இனங்கள் அங்கே மறைந்தன. உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருகியது. மரம் குறைந்தால் இறால் குஞ்சு ஒதுங்க இடமில்லை. இறால் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது வலையும் படகும் இல்லாமல் கையால் தடவுகிறவர்தான்.

சமவெளி இருளர்கள் எலி பிடிப்பது, பாம்பு பிடிப்பது, வயல் காவல் என்று வாழ்ந்தவர்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தியது. கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு உப்பங்கழிதான் கதி. கெளுத்தி முள் குத்தும், சிப்பி ஓடு முழங்காலைக் கிழிக்கும். ஓதம் இறங்கும் நேரம் நள்ளிரவானாலும் அப்போதுதான் இறங்க வேண்டும்.

1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதநீர் ஏறி இறங்க வழி கிடைத்ததும், நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய மீனவ ஊர்கள் சிதைந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அடுத்த ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வும் கடலூர்க் கரையைக் காட்டி இதையே சொன்னது. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

காட்டுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மனிதர்களுக்கு? அரசுப் பட்டியலில் இருளர் பழங்குடியினர். தமிழகத்தில் மிகவும் நலிந்தவை என்று அரசு குறித்த ஆறு பழங்குடிகளில் ஒன்று. ஆனால் பிச்சாவரத்து இருளர்கள் பழங்குடிச் சான்றுக்காக நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும்.

பழங்குடிச் சான்றை முன்பு தாசில்தாரே கொடுத்தார். போலிகள் பெருகியதால் 1989 நவம்பர் முதல் அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்குப் போனது. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்திருந்த ஓர் அலுவலகத்துக்கு, இருளர் ஒருவர் மகன் படிப்புக்காகச் சான்று கேட்டு வந்தார். தகப்பனுக்குச் சான்று இல்லை, பாட்டனுக்குப் பத்திரம் இல்லை, பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லை. "போதிய ஆவணம் இல்லை" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். விதிப்படி சரிதான். "நேரில் விசாரிக்கலாம்" என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். அதற்கும் விதியில் இடம் இருந்தது. மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன, நான் எழுதவில்லை.

அவர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, "எங்கப்பாரு எலி புடிச்சவருங்க சார், அதுக்கு யாருங்க பத்திரம் குடுப்பாங்க?" என்று கேட்டார். அப்புறம் வரவில்லை.

பிச்சாவரத்தில் அந்தப் பெண்களைப் பார்த்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அந்தப் பையன் படித்தானா என்று எனக்குத் தெரியாது. தேடிப் போய்க் கேட்கவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ இன்று அந்த நாற்காலிகளில் இருக்கலாம். ஆவணமே இல்லாத ஒருவர் வந்து நின்றால், அந்த இன்னொரு வரியை எழுதச் சொல்லுங்கள்.