ஐம்பது புள்ளிகள்: சால் லெவிட்டின் 118ஆம் சுவரோவியமும் கலை மாணவர்களுக்கான நிரலாக்கக் கல்வியும்

ஓவியம், வடிவமைப்பு, கட்டடக்கலை பயிலும் மாணவர்களுக்கு நிரலாக்கத்தை அறிமுகம் செய்யும் வகுப்புகளில் அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட்டின் (1928–2007) சுவரோவியக் குறிப்புகள் நெடுநாளாகவே பயிற்சிப் பொருளாக இருந்துவருகின்றன. அவற்றுள் அடிக்கடி எடுத்தாளப்படுவது 1971இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகப் பள்ளிக்காக எழுதப்பட்ட 118ஆம் குறிப்பு. அது கேட்பவை சிலவே. இடையில் முறிவில்லாத ஒரு சுவர்ப்பரப்பு, கடினமான பென்சில், தற்செயலாக இடப்பட்ட 50 புள்ளிகள், அப்புள்ளிகள் சுவர் முழுவதும் சீராகப் பரவியிருத்தல், எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோடுகள்.

இக்குறிப்பைப் பற்றி வேரூன்றியிருக்கும் கருத்து எளியது. குறிப்பு என்பது நிரல், வரைபவர் கணினி, வரைந்து முடித்த சுவர் வெளியீடு. லெவிட்டைப் புரிந்துகொண்ட கலை மாணவர் நிரலாக்கத்தின் பாதியைக் கடந்துவிட்டார், எஞ்சியது மொழியின் இலக்கணம் மட்டுமே என்று இக்கருத்தினர் கொள்கின்றனர். மாணவரின் அச்சத்தைப் போக்க இது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கருத்து பிழையானது, கற்பித்தலிலும் தீங்கு செய்வது. 118ஆம் குறிப்பு நிரல் அன்று. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதைச் செய்பவரிடம் விட்டுவிடும் தேவைக்குறிப்பு அது. அதை நிரலாக்க முனையும்போது எங்கெங்கே தடுக்கிறதோ, அங்கெல்லாம்தான் மாறி, அணி, மடக்கு, நிபந்தனை ஆகியவை மாணவருக்குத் தேவைப்படத் தொடங்குகின்றன. முதல் நாளிலேயே அதற்கு நிரல் என்று பெயரிட்டுவிடும் வகுப்பு அந்த இடங்களையெல்லாம் மூடிவிடுகிறது.

முந்தைய கருத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 1967இல் ஆர்ட்ஃபோரம் இதழில் லெவிட் எழுதிய கட்டுரை. கருத்தானது கலையை ஆக்கும் இயந்திரமாகிறது என்று அதில் அவர் சொல்வது உண்மை. ஆனால் அங்கே இயந்திரம் எனப்படுவது கருத்துதான், வரைபவர் அல்லர். இவ்வேறுபாடு கவனிக்கப்படாமலே போயிருக்கிறது. 118ஆம் குறிப்பு எழுதப்பட்ட அதே 1971இல், சுவரோவியம் செய்யும் முறை பற்றி அவர் வெளியிட்ட சிறு கட்டுரை இதில் கூடுதல் தெளிவு தருகிறது. வரைபவர் கலைஞரின் திட்டத்தைத் தம் அனுபவத்துக்கும் புரிதலுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்கிறார், ஒரே திட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடும், கலைஞர் அதற்கு இடம்தர வேண்டும் என்பதே அதன் சாரம். கலைஞர்கள் தம் படைப்பைப் பற்றித் தருகிற விளக்கங்களை அளவோடுதான் நம்ப வேண்டும். எனினும், வரைபவரைக் கணினியாகக் கருதுகிறவர்கள் நான்கு ஆண்டு முந்தைய ஒரு வரியைக் கொண்டு, சமகாலத்து வெளிப்படையான கூற்று ஒன்றைப் புறந்தள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் போதிய காரணம் எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

வழக்கின் மையம் புள்ளிகளை இடுவது பற்றிய இரண்டு நிபந்தனைகளில் இருக்கிறது. தற்செயலாகவும் இட வேண்டும், சீராகப் பரவவும் வேண்டும். இவ்விரண்டிலும் முரண் ஏதும் இல்லை என்பது ஒரு சாராரின் வாசிப்பு. ரேண்டம் என்னும் செயற்கூறு பரப்பின் எல்லா இடங்களுக்கும் ஒரே அளவு வாய்ப்புத் தருகிறது. சீரான பரவல் என்று லெவிட் கேட்பதும் அதுவே. எனவே கிடையாயத்துக்கு ஒன்று, நிலையாயத்துக்கு ஒன்று என இரண்டு ரேண்டம் எண்களை எடுத்துவிட்டால் இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறிவிடும் என்கிறது இவ்வாசிப்பு. பயிற்சிக் குறிப்பேடுகளில் காணப்படும் விடைகளில் பெரும்பாலானவை இவ்வழியே செல்கின்றன.

இது வாய்ப்பையும் விளைவையும் ஒன்றாக்கும் பிழை. குறிப்பு புள்ளிகள் சுவரில் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அவற்றின் நிகழ்தகவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டும் எவ்வளவு வேறானவை என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். 1000 பிக்சல் அகலமும் 500 பிக்சல் உயரமும் கொண்ட பரப்பை, பக்கம் 100 பிக்சல் உள்ள 50 சதுரக் கட்டங்களாகப் பிரிக்கலாம். 50 புள்ளிகளை ரேண்டம் செயற்கூற்றைக் கொண்டு இட்டால், குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் ஒரு புள்ளிகூட விழாமல் போவதற்கான நிகழ்தகவு 0.98இன் 50ஆம் படி, அதாவது ஏறத்தாழ 0.364. ஆகவே சராசரியாக 18 கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். 13 கட்டங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாக உள்ள பரப்பைச் சீராகப் பரவியது என்று எந்த ஓவியரும் சொல்லமாட்டார்.

அப்படியானால் பாஸ்டன் சுவரில் இந்த முரண் ஏன் எழவில்லை? மனிதக் கை தற்செயலை உண்டாக்கும் விதம் வேறு என்பதே விடை. நாணயத்தைச் சுண்டாமல் பூ, தலை என்று மனம்போல எழுதச் சொன்னால் மக்கள் நீண்ட தொடர்களைத் தவிர்த்து அளவுக்கு மீறி மாற்றிமாற்றி எழுதுவார்கள் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. சுவரின் முன் நிற்பவரும் அவ்வாறே செய்கிறார். அடுத்த புள்ளியை வைக்கும் முன் இட்டவற்றைப் பார்க்கிறார். நெருங்கிய இடத்தை விட்டு வெற்றிடத்துக்குச் செல்கிறார். ‘தற்செயலாக’ என்பதை அவர் ‘சீராக, ஆனால் ஒழுங்கு தெரியாமல்’ என்றே எடுத்துக்கொள்கிறார். இரு நிபந்தனைகளும் அவருக்கு ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். கணினிக்கு அவை வெவ்வேறு. இயந்திரத்திடம் போனபோதுதான் குறிப்புக்குள் இருந்த முரண் வெளிப்படுகிறது. வரைபவரைக் கணினி என்று முதலிலேயே அழைத்துவிட்டவர்களுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

முரணைத் தீர்க்க மாணவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் பொதுவாக இரண்டு வழிகள் தோன்றுகின்றன. முதலாவது, மேற்சொன்ன 50 கட்டங்களையும் வரிசையாகக் கடந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தற்செயலான ஓரிடத்தில் ஒரு புள்ளி வைப்பது. இதற்குக் கிடைவரிசைக்கு ஒன்றும் நெடுவரிசைக்கு ஒன்றுமாக ஒன்றினுள் ஒன்று அமைந்த இரண்டு மடக்குகள் வேண்டும். இரண்டாவது, புள்ளிக்கு ஓரிடத்தைத் தேர்ந்து, முன்பு இட்ட புள்ளி ஏதேனும் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருந்தால் அதைக் கைவிட்டு மறுபடி தேர்வது. சுவரோவியரின் கண் செய்வதற்கு இது நெருக்கமானது. இங்கேதான் நிபந்தனை மடக்கும் அதன் ஆபத்தும் ஒன்றாக வருகின்றன. அதே பரப்பில் குறைந்தபட்சத் தொலைவை 50 பிக்சல் என்று வைத்தால் நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 150 என்று வைத்தால் முடியவே முடியாது. 50 புள்ளிகளுக்கு அங்கே இடமே இல்லை. திரை உறைந்து நிற்கும். முடிவிலா மடக்கு என்பதற்குப் பாடநூல் தரும் வரையறையை மனப்பாடம் செய்த மாணவரைவிட, இடமில்லாத சுவரில் இடம் தேடிக்கொண்டே இருக்கும் நிரலைக் கண்ட மாணவர் அதை ஆழமாக அறிகிறார்.

அணி என்னும் கருத்தும் இவ்வாறே தேவையிலிருந்து பிறக்கிறது. பி5.ஜேஎஸ், ப்ராசெஸிங் போன்ற நிரலாக்கச் சூழல்களில் மாணவர் முதலில் எழுதும் நிரல் பெரும்பாலும் 50 புள்ளிகளை இட்டுவிட்டு, கோடு வரையத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. புள்ளிகள் திரையில் தெரிகின்றன, ஆனால் அவற்றின் ஆயத்தொலைவுகள் நிரலில் எங்கும் இல்லை. சுவரில் வரைபவருக்கு இச்சிக்கல் கிடையாது. இட்ட புள்ளியைச் சுவரே வைத்திருக்கிறது, நிமிர்ந்து பார்த்தால் போதும். திரையில் எஞ்சுவது நிறம் மாறிய சில பிக்சல்கள் மட்டுமே. காண்பதும் நினைவில் வைப்பதும் கணினிக்கு இரண்டு வேலைகள் என்பது ஓவியப் பயிற்சி உள்ளவருக்கு இயல்பாகத் தோன்றாத கருத்து. குறிப்பையே நிரல் என்று சொல்லிவிட்டால் அணி ஏன் வேண்டும் என்ற கேள்வி எழவே எழாது, ஏனெனில் குறிப்பில் அணி இல்லை.

இதனோடு ஒட்டியது திரை நடுக்கம். மேற்சொன்ன இரு சூழல்களிலும் வரையும் செயற்கூறு, வேறாகச் சொல்லாதவரை, நொடிக்கு 60 முறை என்ற வேகத்தில் மீண்டும் மீண்டும் இயக்கப்படுகிறது. புள்ளியைத் தேரும் வரியை மாணவர் அதற்குள் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக 50 புள்ளிகள் பிறந்து படம் கொதிப்பதுபோல் துடிக்கும். ஒருமுறை மட்டும் இயங்கும் தொடக்கச் செயற்கூற்றுக்கு அவ்வரியை நகர்த்தினால் அடங்கிவிடும். இதைச் சிறு பிழை என்று ஆசிரியர் தாமே திருத்திக் கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது, அவ்வாறு செய்யலாகாது. முடிவெடுப்பது ஒரு கணம், வரைவது இன்னொரு கணம் என்ற பிரிவு லெவிட்டின் கலைக்கும் அடிப்படையானது. மாணவர் அதைத் தாமாகக் கண்டடையத் திரை வாய்ப்பளிக்கிறது.

கோடுகளை இணைக்கும் பகுதியில் மட்டும் கையும் நிரலும் ஒத்துப்போகின்றன. முந்தைய கருத்தினருக்கு இவ்வளவை விட்டுக்கொடுக்கலாம். முதல் புள்ளியிலிருந்து 49 கோடுகள், அடுத்ததிலிருந்து 48, அதற்கடுத்து 47 என்று குறைந்துகொண்டே வந்து மொத்தம் 1225 கோடுகள். சுவரில் வரைபவர் சலிப்பைத் தவிர்க்கத் தாமே இம்முறைக்கு வந்துசேர்வார். உள் மடக்கு வெளி மடக்கின் எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் இதுவே. மாணவர் உள் மடக்கையும் தொடக்கத்திலிருந்தே ஓட்டினால் ஒவ்வொரு கோடும் இருமுறை வரையப்படும். ஒவ்வொரு புள்ளியும் தன்னோடும் இணையும். மொத்தம் 2500 ஆகும். இப்பிழை படத்தில் தெரியாது. முழுக் கறுப்பில் ஒரு கோட்டின் மேல் அதே கோடு விழுந்தால் கண்ணுக்கு வேறுபாடு புலப்படுவதில்லை. நிறத்தை ஒளிபுகும்படி மெலிதாக்கினால் கோடுகள் இருக்க வேண்டியதைவிட அடர்ந்து தெரியும்; அப்போதும் சரியான நிரலின் படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும். உடனுக்குடன் படம் தெரிவதாலேயே கலை மாணவர்கள் நிரலாக்கத்தை எளிதில் கற்கிறார்கள் என்ற பரவலான நம்பிக்கைக்கு இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. சரியான படம் சரியான நிரலுக்குச் சான்றாகாது. வரைந்த கோடுகளை எண்ண ஒரு மாறியை வைத்து, 1225 வருகிறதா என்று பார்ப்பதே சான்று.

குறிப்புக்கும் நிரலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கலைஞர்களே உணர்ந்திருக்கிறார்கள். பென் ஃப்ரையுடன் சேர்ந்து 2001இல் ப்ராசெஸிங்கைத் தொடங்கிய கேசி ரியாஸ், 2004இல் விட்னி அருங்காட்சியகத்தின் ஆர்ட்போர்ட் இணையத் தளத்துக்காகச் செய்த ‘சாஃப்ட்வேர் ஸ்ட்ரக்சர்ஸ்’ லெவிட்டின் சுவரோவியங்களிலிருந்தே புறப்பட்டது. அதில் ரியாஸ் தம் கட்டமைப்புகளை முதலில் இயற்கை மொழியில் எழுதினார். நிரல்கள் அதன் பின்னரே வந்தன. ஒரே எழுத்துக் கட்டமைப்புக்குப் பல நிரலாளர்கள் வெவ்வேறு வடிவம் தந்தார்கள். குறிப்பே நிரல் என்றால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருந்திருக்காது.

மாற்றுப் பயிற்சிகள் பரிந்துரைக்கப்படுவதுண்டு. கியோர்க் நேஸின் ‘ஷாட்டர்’, கீழே வரவரச் சதுரங்கள் குலைந்து சரியும் அந்தக் கணினி வரைகலை, மிகச் சிறந்த படைப்பு. ஆனால் அது பிறப்பிலேயே நிரல். அதை மீண்டும் எழுதுவது படியெடுக்கும் பயிற்சியாக நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்குக் கோலம் பொருந்தும் என்ற கருத்து கூடுதல் வலுவுடையது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் 1974இல் வெளியிட்ட அணி இலக்கணம் பற்றிய கட்டுரை, கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் மொழியில் விளக்கிய முன்னோடி ஆய்வு. மடக்கு, தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ஆகியவற்றைக் கற்பிக்கக் கோலத்தைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஆயினும் புள்ளிக் கோலத்தில் புள்ளிகளின் இடம் முன்பே உறுதியாகிவிடுகிறது. இரண்டு நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதும் நிலை அங்கே எழுவதில்லை. இரண்டையும் கற்பிக்கலாம், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. இவ்வளவு நுணுக்கம் தொடக்க நிலை மாணவருக்குச் சுமை என்ற ஆட்சேபம் வலுவற்றது. விகிதத்தையும் இடைவெளியையும் ஆண்டுக்கணக்கில் பழகிய கண்ணுக்கு, 18 வெற்றுக் கட்டங்கள் உள்ள படம் சரியில்லை என்பது எவரும் சொல்லாமலே தெரியும்.

118ஆம் குறிப்பைத் தேவைக்குறிப்பாகக் காணும் இந்த வாசிப்பை ஏற்றால் மதிப்பீட்டு முறையும் மாற வேண்டும். மாணவரின் படத்தை அருங்காட்சியகச் சுவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவது பொருளற்றது. நிரலோடு, குறிப்பு சொல்லாமல் விட்டவற்றுள் தாம் எவற்றை முடிவுசெய்தார் என்று மாணவர் எழுதிய ஒரு பக்கத்தையும் கேட்டு வாங்க வேண்டும்: சீர் என்பதற்கு எந்த அளவுகோல், பென்சிலின் கடினத்துக்கு எந்த நிறமும் மெலிவும், சுவரின் விளிம்பை ஒட்டிப் புள்ளி வரலாமா என்பன. அடுத்து, 50 என்ற எண்ணை 500 என்று மாற்றி இயக்கிப் பார்க்க வேண்டும். கோடுகள் 1,24,750 ஆகும்; கணினிக்கு அது பெரிய வேலை அன்று. ஆனால் பத்துக்கு ஐந்து என்று கட்டங்களை எண்ணாலேயே எழுதியவரின் நிரல் ஐம்பதோடு நின்றுவிடும். குறைந்தபட்சத் தொலைவை 50 பிக்சல் என்று நிலையாக வைத்தவரின் நிரல் பாதிக்கும் குறைவான புள்ளிகளை இட்டதுமே இடமின்றிச் சுழலத் தொடங்கும். பரப்பைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தில் பாதியைத் தொலைவாகக் கொண்டவரின் நிரலில் 50 புள்ளிகளுக்கு 50 பிக்சலும் 500 புள்ளிகளுக்கு ஏறத்தாழ 16 பிக்சலும் தாமாகவே வரும். வேறு எந்த வரியையும் தொடாமல் அது ஓடி முடியும்.