குறியும் கரியும்

துவக்கொன்றின் சிறப்பு யாது எனக் கேட்டால், எட்டத்திலுள்ள இலக்கைப் பிசகாது அடிப்பதே என்று பலரும் விடை கூறுவர். ஆயினும், முதல் வெடியிற் காட்டிய திறமையைப் பத்தாவது வெடியிலும் அது காட்டுமா என்பது அதனினும் முக்கியமான வினாவாகும். குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுத் திணிகோலால் இடித்து நிரப்பும் துவக்குகளின் வரலாறு, பெரும்பாலும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. வன்னிக் காடுகளில் இடியன் என வழங்கிய துவக்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இடர்ப்பாட்டின் மூலம் கருமருந்திலேயே உள்ளது. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது அதன் வழக்கமான கலவை. அது எரியும்போது பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகின்றது. எஞ்சியது திண்மக் கசடாகிப் புகையோடு ஓரளவு வெளியேற, மிகுதி குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்கின்றது. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடைய அக்கசடு, துடைக்காது விடப்பட்டால் இரும்பை அரித்துவிடும். வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுதல் ஆகிய மூன்றும் அக்காலப் போர்வீரனின் அன்றாடக் கடமைகளாயிருந்தமைக்கு இதுவே காரணம்.

குழலின் உட்புறத்தே திருகுபோல் பள்ளங்களை வெட்டினால், குண்டு சுழன்று சென்று நேராகப் பாயும். அத்தகைய துவக்கே றைபிள் எனப்படுவது. ஆனால் குண்டு பள்ளங்களை இறுகப் பற்றினாலன்றிச் சுழலாது. இறுகப் பற்றும் குண்டோ கசடு படிந்த குழலுள் எளிதில் இறங்காது. 1800ஆம் ஆண்டளவில் பிரித்தானியப் படைக்கு வந்த பேக்கர் றைபிளுடன், குண்டை அடித்து இறக்குவதற்கெனச் சிறு மரச் சுத்தியலும் முதலிற் கொடுக்கப்பட்டது. எதிரி நெருங்கி வரும் வேளையிற் சுத்தியலைத் தேடும் வீரனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

1849இல் பிரான்சு நாட்டுப் படை அதிகாரி மினியே இச்சிக்கலுக்கு வழி கண்டார். அவருடைய கூம்புக் குண்டு குழலின் விட்டத்திலும் சிறியது. ஆதலால் தடையின்றி இறங்கும். அடிப்புறம் குடைவாயிருந்ததால், வெடிக்கும்போது விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். இம்முறையைத் தழுவி 1853இல் பிரித்தானியாவில் என்பீல்ட் றைபிள் உருவாயிற்று. அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம். குண்டு வழுக்கி இறங்கவும், கசடு இளகியிருக்கவும், குண்டைச் சுற்றிய தாளின் மீது கொழுப்புப் பூசப்பட்டது.

அக்கொழுப்பே 1857இல் இந்தியாவைக் கொந்தளிக்கச் செய்தது. தோட்டாவின் முனையைப் பல்லாற் கடித்துக் கிழிப்பது அன்றைய வழக்கம். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் அதிற் கலந்துள்ளன என்ற செய்தி, இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருங்கே புண்படுத்தியது. நெய்யும் தேன்மெழுகும் கொண்டு தாமே பூசிக்கொள்ளலாம் எனப் பின்னர் அனுமதித்தும் ஐயம் தீரவில்லை. மே 10ஆம் நாள் மீரட் படையினர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வெழுச்சிக்குக் காரணங்கள் பலவெனினும், குழலைக் கசடின்றி வைத்திருக்கச் செய்த ஏற்பாடொன்று தீப்பொறியாயிற்று என்பது வரலாறு.

அதே ஆண்டு ஏப்பிரலில் இங்கிலாந்தின் ஹைத் நகரிலே மற்றொரு வழக்குத் தீர்ப்புக்கு வந்தது. மான்செஸ்டரின் புகழ்பெற்ற பொறியியலாளர் யோசப் விற்வேர்த், அறுகோணத் துளை கொண்ட றைபிளொன்றை ஆக்கியிருந்தார். அதன் விட்டம் 0.451 அங்குலமே. என்பீல்டின் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற, விற்வேர்த்தின் புரி 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. சோதனையில் என்பீல்ட் 1,400 கெசம் வரையே இலக்கைத் தொட்டது. விற்வேர்த்தோ 2,000 கெசத்திலும் தொட்டது. எனினும் படைத்துறை அதனை ஏற்கவில்லை. குறுகிய குழலிற் கசடு விரைவில் அடைத்தது. விலையும் ஏறத்தாழ நான்கு மடங்காயிருந்தது.

தோல்வியுற்ற றைபிளின் புகழ் குன்றவில்லை. 1860இல் விம்பிள்டன் போட்டியைத் தொடக்கிவைத்த விக்ரோறியா மகாராணி, தாங்கியிற் பொருத்தப்பட்ட விற்வேர்த்தினால் 400 கெசத் தொலைவில் இலக்கின் நடுப்புள்ளிக்கு மிக அண்மையில் அடித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தாரின் தேர்ந்த குறிகாரர் அதனைக் கையாண்டனர். ஒரு வெடி வைத்து, மறைவிலிருந்து ஆறுதலாகத் துடைத்து நிரப்ப அவகாசமுடைய குறிகாரனுக்கு அது நிகரற்ற கருவி. வரிசையில் நின்று இடைவிடாது சுடும் காலாளுக்கு அது பெருஞ்சுமை. 1866இல் என்பீல்டுகளைப் பின்புறமாக நிரப்பும் சினைடர் முறைக்கு மாற்றத் தொடங்கியதும், படைகளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

வேட்டைக்காரரிடையே அது முடியவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பல, வாய்வழி நிரப்பும் துவக்குகளுக்கெனத் தனி வேட்டைப் பருவம் ஒதுக்கின. 1985இல் நைற் என்பார் செய்த றைபிளிற் பின்னடைப்பைக் கழற்றிக் குழலை நேராகத் துடைக்க முடிந்தது. கருமருந்துக்கு மாற்றாக வந்த பைரோடெக்ஸ் போன்றவை கசட்டைக் குறைத்தபோதும், அவற்றின் எச்சமும் இரும்பை அரிக்கவே செய்கின்றது. புகையற்ற மருந்துக்கெனவே வலுவாக்கப்பட்ட றைபிள்களும் தோன்றின. அம்மருந்தைச் சாதாரணக் குழலில் இட்டால் குழல் வெடித்துச் சுடுபவன் உயிருக்கே கேடு விளையும்.

ஆகவே வேகம் பெரிதா, துப்புரவு பெரிதா என்னும் வாதம் ஹைத் நகரோடு ஓயவில்லை. வலுவை வேண்டி மருந்தைக் கூட்டுபவன் கசட்டையும் கூட்டுகின்றான். அடுத்த வெடியில் அது அவன் குறியைத் தவறச் செய்கின்றது. துவக்கின் தரத்தை ஆக்கியவனின் நுட்பம் பாதி தீர்மானிக்க, மறுபாதியைத் துடைப்பவனின் பொறுமையே தீர்மானிக்கின்றது.