ஈவின் மூன்று கையெழுத்துகள்
'பல ஆளுமை' எண்டு சொன்னவுடனே எங்கள்ல கனபேருக்கு ஞாபகம் வாறது அந்நியன் விக்ரம்தான். ஒரு உடம்புக்குள்ள மூன்று பேர், அதில ஒருத்தன் கொலைகாரன். ஆனால் இந்த நோயோடு உண்மையாகவே வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையில் கொலை இல்லை, ஒரு ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது.

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டா நகரில், கடும் தலையிடியோடும் இடையிடையே நினைவு தப்புவதோடும் ஒரு இளம்பெண் மனநல மருத்துவர் கோர்பெட் திக்பென்னிடம் வந்தார். அடக்கமான குடும்பப்பெண். சிகிச்சைக்கு இடையில் ஒருநாள் அவருக்குள்ளிருந்து இன்னொருத்தி கதைக்கத் தொடங்கினாள். கலகலப்பானவள், பயமில்லாதவள். முதலாமவர் செய்வது இவளுக்குத் தெரியும், இவள் செய்வது அவருக்குத் தெரியாது. பிறகு மூன்றாவதாக ஒருத்தி.

திக்பென்னும் ஹெர்வி கிளெக்லியும் இவர்களுக்கு ஈவ் வைட், ஈவ் பிளாக், ஜேன் என்று பெயர் வைத்து எழுதிய புத்தகம் 1957இல் வந்தது. (ஆடவும் நல்ல உடுப்பு வாங்கவும் ஆசைப்பட்டவளுக்குத்தான் 'கறுப்பு' எண்டு பேர்!) அதே வருடம் படமும் வந்தது. நடித்த ஜோன் வுட்வர்டுக்கு ஒஸ்கார் கிடைத்தது. படத்தில் ஈவ் குணமாகிவிடுகிறாள்.

நிஜத்தில் குணமாகவில்லை. கிறிஸ் கொஸ்ட்னர் சைஸ்மோர் என்ற தன் சொந்தப் பெயரோடு 1970களில் வெளியே வந்த அவர், தனக்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆளுமைகள் இருந்ததாகச் சொன்னார். சின்ன வயதில் கண்ணால் கண்ட சாவுகளையும் கோர விபத்துகளையும் பற்றி எழுதினார்.

இவை பேயும் இல்லை, தனித்தனி ஆக்களும் இல்லை. ஒரு பிள்ளையால் தாங்கேலாத பயம் மற்ற நினைவுகளோடு சேராமல் ஒதுங்கிவிடுகிறது. அப்படி ஒதுங்கிய துண்டுகள் தங்களுக்கென்று குரலும் பெயரும் எடுக்கின்றன என்பதுதான் இன்று பரவலாக உள்ள விளக்கம். இதை ஏற்காத மருத்துவர்களும் இருக்கினம். 1994இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நோயின் பெயரில் இருந்த 'பல' என்ற சொல்லை எடுத்தது. ஒரு ஆள் முழுசாச் சேராமல் இருக்கிறதுதான் சிக்கல்.

இனிப் பத்திரத்துக்கு வருவம். படத்துக்கான ஒப்பந்தத்தில் அவரிடம் ஈவ் வைட், ஈவ் பிளாக், ஜேன் என மூன்று பெயரிலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எந்தப் பிரிவை நோய் என்றார்களோ, அதையே மூன்று ஆளாக எண்ணிக் கையெழுத்து! அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் டுவென்டியத் செஞ்சரி ஃபொக்ஸ் அவருடைய வாழ்க்கைக் கதை தங்களுடையது என்றது. 1989இல், அறுபது வயது கடந்த சைஸ்மோர், ஒரே பெயரில் வழக்குப் போட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கத்தில் முடிந்தது.